பழைய ஐபாட் கையில் கிடைத்தால்: எந்த மாடல் என்று பிழையில்லாமல் கண்டுபிடிக்க

நம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டைக் காலி செய்யும்போது இழுப்பறையில் கிடைக்கும். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி அடகுக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் கண்ணில் படும். கோயில் பஜனைக் குழுவின் பழைய ஸ்பீக்கரில் செருகிவைத்தது திடீரென்று நின்றுபோய், அதே மாதிரி இன்னொன்று தேட வேண்டிவரும். எப்படிக் கைக்கு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது எந்த ஐபாட்?

இதற்குப் பதில் தெரியாமல் காசு செலவழிக்காதீர்கள். பேட்டரி, கேபிள், ஸ்பீக்கர், உள்ளே போடக்கூடிய மெமரி எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். தடிமனான பேட்டரியை மெல்லிய ஐபாடில் போட்டால் மூடி மூடாது. 128 ஜிபிக்கு மேல் ஏற்காத மாடலில் 256 ஜிபி கார்டைப் போட்டால் பாதிக் காசு வீண்.

ஒரு விதியை மட்டும் கடைசி வரை நினைவில் வையுங்கள்: முதுகில் எழுதியிருப்பது சாட்சி, தீர்ப்பு அல்ல. ஐபாடின் முதுகுத் தகட்டை யாரும் மாற்றிவிடலாம். கீறல் விழுந்த தகட்டைக் கழற்றி, "160 ஜிபி" என்று அச்சடித்த புதுத் தகட்டைப் போட்டு விற்பவர்கள் உண்டு. உண்மை உள்ளேதான் இருக்கிறது.

(கீழே ஏ, எம், பி, வி என்று எழுதியிருப்பவை ஐபாடின் மேல் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்துகளே.)

1. சார்ஜ் போடுவதற்கு முன்

கையில் எடுத்ததும் சார்ஜரில் செருகாதீர்கள். முதலில் மேசை மேல் படுக்கவைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றாலோ, முன் தகட்டுக்கும் பின் தகட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. வீங்கிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, அழுத்தி மூடவும் கூடாது.

முதல் தலைமுறை நானோவுக்குக் கூடுதல் எச்சரிக்கை. 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்ற அந்த மாடலில் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று சொல்லி, ஆப்பிள் 2011 நவம்பரில் மாற்றித் தரும் திட்டம் அறிவித்தது. மாற்றாமல் விட்டவை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் பளபளக்கும் எஃகு, மெலிந்த உடம்பு: இப்படி இருந்தால் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள்.

அடுத்து, பூட்டுச் சுவிட்ச். ஓரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பூட்டியிருக்கிறது என்று பொருள். "செத்துப்போச்சு" என்று அரை விலைக்கு வரும் ஐபாடுகளில் சில, இந்தச் சுவிட்சைத் தள்ளியதும் எழுந்து உட்காரும்.

பல வருடம் கிடந்த ஐபாட் செருகியவுடனே திரையைக் காட்டாது. அரை மணி நேரம் பொறுங்கள். கிளாசிக் முழுதாக ஏற 4 மணி நேரம் ஆகும், 80 சதவீதத்துக்கு 2 மணி நேரம் போதும். நானோக்களுக்குச் சுமார் 3 மணி நேரம்.

மூன்றாம் தலைமுறை ஐபாட் (சக்கரத்துக்கு மேலே வரிசையாக நாலு பொத்தான்) யுஎஸ்பியில் சார்ஜே ஏறாது. யுஎஸ்பி வழியாகப் பாட்டு போகும், மின்சாரம் போகாது. அதற்கு ஃபயர்வயர் (பழைய கேபிள் வகை) வேண்டும். அதைக் கெட்டுப்போனதென்று தூக்கிப் போட்டவர்கள் பலர்.

2. உருவத்தைப் பார்த்துக் குடும்பம் பிரியுங்கள்

ஐந்து குடும்பம்: சக்கரம் வைத்த பெரிய ஐபாட், மினி, நானோ, ஷஃபிள், டச்.

பெரிய ஐபாடில் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் கேபிள் ஓட்டை தலையில், ஃபயர்வயர் மட்டும். முதலாவதில் சக்கரம் உண்மையிலேயே சுழலும். இரண்டாவதில் சுழலாது, தொட்டால் போதும். இன்றைய கம்ப்யூட்டரில் இவற்றை நேரடியாகச் செருக வழியில்லை. அலமாரியில் வைத்துப் பார்க்க ஆசை இருந்தால் வாங்குங்கள், பாட்டுக் கேட்பதற்காக வாங்க வேண்டாம்.

நான்காம் தலைமுறையில் பொத்தான்கள் சக்கரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. திரை கறுப்பு வெள்ளை. அதே உடம்பில் வண்ணத் திரை இருந்தால் அது ஐபாட் ஃபோட்டோ. அகலமான வண்ணத் திரை, பிளாஸ்டிக் முகம், வெள்ளை அல்லது கறுப்பு என்றால் ஐந்தாம் தலைமுறை. வீடியோ ஐபாட் என்பார்கள். முகமும் உலோகமாக இருந்தால்தான் கிளாசிக். நகத்தால் தட்டிப் பாருங்கள், சத்தமே சொல்லிவிடும். விளம்பரங்களில் சக்கரம் வைத்த எல்லாவற்றையும் "கிளாசிக்" என்று எழுதுகிறார்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

மினியில் இரண்டு தலைமுறைதான். சக்கரத்தின் எழுத்துகள் சாம்பல் நிறமென்றால் முதலாவது. எழுத்தும் உடம்பும் ஒரே நிறத்தில் இருந்து, முதுகில் 4 ஜிபி அல்லது 6 ஜிபி என்று பொறித்திருந்தால் இரண்டாவது. இரண்டாவதையே தேடுங்கள்: முதலாவது 8 மணி நேரம் பாடும், இது 18 மணி நேரம். தங்க நிறம் முதலாவதில் மட்டும்தான் வந்தது. "இரண்டாம் தலைமுறை, தங்க நிறம்" என்று ஒருவர் சொன்னால் உடம்பு மாற்றியிருக்கிறார் அல்லது அவருக்கே தெரியவில்லை.

நானோக்களைக் குழப்பிக்கொள்வது கஷ்டம், ஏனென்றால் ஆப்பிள் வருடா வருடம் அதன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. முழுக்க அலுமினியம், சின்னத் திரை: இரண்டாவது. குட்டையாகக் குண்டாக இருப்பது மூன்றாவது. நெட்டையாக, வளைந்த கண்ணாடி போட்டது நான்காவது. அதே உருவத்தில் முதுகில் கேமரா இருந்தால் ஐந்தாவது. கிளிப் வைத்த சதுரத் தொடுதிரை ஆறாவது. நெட்டையான தொடுதிரை, கீழே வட்டப் பொத்தான், சின்ன லைட்னிங் ஓட்டை: ஏழாவது. புளூடூத் உள்ள நானோ இந்த ஏழாவது மட்டும்தான். புளூடூத் ஸ்பீக்கரோ இயர்ஃபோனோ வைத்திருப்பவர்களுக்கு மற்ற ஆறும் பயன்படாது.

ஷஃபிளில் இரண்டாவதும் நான்காவதும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும், இரண்டுக்கும் கிளிப் உண்டு. நீள்சதுரமாக, வட்டப் பொத்தான் ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தால் இரண்டாவது. சதுரமாக, பொத்தானே முகத்தை நிரப்பியிருந்தால் நான்காவது. இதைச் சரியாகப் பார்க்காவிட்டால் கேபிளில் மாட்டிக்கொள்வீர்கள்: இரண்டாவதுக்கு வந்த சின்ன டாக் (செருகி வைக்கும் தாங்கி) நான்காவதுக்கு ஆகாது. மூன்றாவது ஷஃபிளில் பொத்தானே இல்லை. நிறுத்த, தாண்ட, சத்தம் கூட்டக் குறைக்க எல்லாம் அதன் இயர்ஃபோன் கம்பியில் இருக்கும். அந்த இயர்ஃபோன் தொலைந்த ஷஃபிளை இலவசமாகக் கொடுத்தாலும் ஒரு முறை யோசியுங்கள்.

நானோ மாதிரியே இருக்கும், ஆனால் மெமரி கார்டு செருக ஓட்டை இருக்கிறதா? அது ஐபாட் இல்லை. எந்த ஐபாடிலும் கார்டு ஓட்டை கிடையாது. மெனுவில் "இ-புக்" இருந்தாலும் அப்படித்தான்.

3. முதுகில் உள்ள ஏ-எண்

பின்பக்கம் மிகச் சிறிய எழுத்தில், "மாடல் நம்பர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏ-வில் தொடங்கும் எண் இருக்கும். ஷஃபிளில் கிளிப்பைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தால் பொறித்த எழுத்து எழும்பித் தெரியும்.

பெரிய ஐபாட்: ஏ1019 இரண்டாம் தலைமுறை, ஏ1040 மூன்றாவது, ஏ1059 நான்காவது, ஏ1099 ஃபோட்டோ, ஏ1136 ஐந்தாவது, ஏ1238 கிளாசிக். மினி இரண்டுக்கும் ஏ1051.

நானோ: ஏ1137, ஏ1199, ஏ1236, ஏ1285, ஏ1320, ஏ1366, ஏ1446. முதலாவதிலிருந்து ஏழாவது வரை இதே வரிசை.

ஷஃபிள்: ஏ1112, ஏ1204, ஏ1271, ஏ1373. இதுவும் அதே வரிசை.

டச்: ஏ1213, ஏ1288, ஏ1318, ஏ1367, ஏ1421, ஏ1574, ஏ2178. ஐந்தாவதில் ஏ1509 என்று இன்னொன்றும் உண்டு. 2013இல் வந்த 16 ஜிபி, பின் கேமரா இல்லாதது.

நானோவுக்கும் ஷஃபிளுக்கும் இந்த எண்ணோடு வேலை முடிந்தது. பெரிய ஐபாட் வைத்திருப்பவர்கள் இங்கே நிறுத்தக் கூடாது. ஏ1136 என்பது 2005இல் வந்ததற்கும் 2006 செப்டம்பரில் வந்ததற்கும் பொது. ஏ1238 என்பது 2007, 2008, 2009 என மூன்று வெவ்வேறு கிளாசிக்குகளுக்குப் பொது. விலை வித்தியாசமும் ஏமாற்றும் இங்கேதான் நடக்கின்றன.

4. உள்ளே போய்ப் பாருங்கள்

செட்டிங்ஸ், பிறகு அபௌட். கிளாசிக்கில் நடுப் பொத்தானை அழுத்த அழுத்தத் திரை மாறும்: கொள்ளளவு, பாட்டு எண்ணிக்கை, சீரியல் நம்பர், மாடல், வெர்ஷன். ஐந்தாம் தலைமுறையில் சக்கரத்தைச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும்.  மெனு மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது.

கிளாசிக்கில் வெர்ஷன் எண்ணே பாதி கதையைச் சொல்லிவிடும். 1 என்று தொடங்கினால் (கடைசியாக வந்தது 1.1.2) அது 2007இல் வந்த 80 அல்லது 160 ஜிபி. 2.0.1 என்றால் 2008இன் 120 ஜிபி. 2.0.4, 2.0.5 என்றால் 2009இல் வந்து 2014 செப்டம்பர் வரை விற்ற கடைசி 160 ஜிபி.

மாடல் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். எம்பி029 (MB029) வெள்ளி நிற 80, எம்பி147 கறுப்பு 80. எம்பி145, எம்பி150 தடிமனான 160. எம்பி562, எம்பி565 என்பவை 120. எம்சி293, எம்சி297 என்பவை கடைசி 160. முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது; பி (P) என்றால் பெயர் பொறித்து வாங்கியது; எஃப் என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது. ஆகவே பிபி029 (PB029) என்று கண்டு திகைக்க வேண்டாம், அதுவும் எம்பி029தான். ஆனால் மாடல் பி என்று தொடங்கி, முதுகில் எந்தப் பெயரும் பொறிக்கப்படாமல் இருந்தால்? தகடு மாறியிருக்கிறது.

மாடல் எண்ணுக்குப் பின்னால் நாட்டுக் குறியீடு ஒட்டியிருக்கும். ஸெட்ஏ என்று கண்டதும் "நம் நாட்டுச் சரக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். நம் வலைத்தள முகவரிகளில் வரும் அதே இரண்டு எழுத்துதான், ஆனால் ஆப்பிள் கணக்கில் அது சிங்கப்பூர், ஹாங்காங் பக்கத்துச் சந்தை. விற்பவர்களே இதைத் தப்பாகச் சொல்வதைக் கேட்கலாம்.

5. சீரியல் நம்பரைப் படிப்பது

அபௌட் திரையில் தெரியும் சீரியலும் முதுகில் பொறித்த சீரியலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் தகடோ போர்டோ மாறியிருக்கிறது. அதனால் வாங்கக் கூடாது என்றில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான்.

பழைய சீரியலில் 11 எழுத்து இருக்கும். மூன்றாவது, ஆண்டின் கடைசி இலக்கம். நான்காவதும் ஐந்தாவதும் வாரம். மூன்றாவது 6, அடுத்து 41 என்றால் 2006இன் 41ஆவது வாரம் செய்தது. கடைசி மூன்று எழுத்து எந்த மாடல் என்பதைச் சொல்லும். 2010க்குப் பிறகு 12 எழுத்துச் சீரியலும் வந்தது. அதில் இந்தக் கணக்குப் பலிக்காது, கடைசி நான்கு எழுத்துதான் மாடல்.

ஐந்தாம் தலைமுறைக்கு இந்தக் கடைசி மூன்று எழுத்துத்தான் உயிர். வி9கே, வி9பி (V9P), வி9எம், வி9ஆர் போல வி9 என்று வந்தால் 2006 பிற்பகுதியில் வந்தது. வாங்குபவர்கள் "ஐந்தரை" என்று அழைப்பது இதைத்தான். வேறு குறியீடுகளும் உண்டு. அதனால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: மியூசிக் மெனுவுக்குள் "சர்ச்" என்ற வரி இருக்கிறதா? ஐந்தரையில் இருக்கும், ஐந்தில் இருக்காது. கொள்ளளவும் உதவும். 60 ஜிபி என்றால் ஐந்து, 80 ஜிபி என்றால் ஐந்தரை. குழப்பம் முழுக்க 30 ஜிபியில்தான், அது இரண்டிலும் வந்தது.

உள்ளே இருக்கும் வட்டை (ஹார்ட் டிரைவ்) எடுத்துவிட்டு மெமரி கார்டு போட்ட ஐபாடில் கொள்ளளவு எதையும் சொல்லாது. அங்கே சீரியலை மட்டும் கேளுங்கள்.

6. ஏன் இவ்வளவு நுணுக்கம்: தடிமனும் வரம்பும்

30 ஜிபி வீடியோ ஐபாட் 11 மில்லிமீட்டர் தடிமன். 60ம் 80ம் 14 மில்லிமீட்டர். கிளாசிக்கில் 80, 120, கடைசி 160 மூன்றும் 10.5, 2007இன் 160 மட்டும் 13.5. பேட்டரியும் பின் தகடும் இந்தத் தடிமனைப் பொறுத்தவை. ஆர்டர் போடும் முன் அளவுகோல் வைத்துப் பாருங்கள். "160 ஜிபி பேட்டரி" என்று மட்டும் கேட்டால் எது வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மெமரி கார்டுப் பலகை போட்டு மாற்ற நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஆப்பிளின் சொந்த மென்பொருளில், 2007, 2008 கிளாசிக்குகள் மெமரி கார்டில் 128 ஜிபிக்கு மேல் காணாது. 2009இன் கடைசி கிளாசிக்கிலும் ஐந்தாம் தலைமுறையிலும் அந்தத் தடை இல்லை. ஆனால் ஐந்தாம் தலைமுறை 30 ஜிபி போர்டில் ராம் 32 எம்பி. 60, 80 ஜிபி போர்டில் 64 எம்பி. பாட்டுப் பட்டியல் பெரிதாகப் பெரிதாக 32 எம்பி திணறும், நடுவில் தானாக அணைந்து எழும். பல்லாயிரம் பாட்டு ஏற்றும் எண்ணம் இருந்தால் 64 எம்பி போர்டு உள்ளதைத் தேடி எடுங்கள். சில நூறு பாட்டுக்கு 30 ஜிபியே தாராளம். உண்மையைச் சொன்னால் பஜனைக் குழு எதற்கும் இதற்கு மேல் வேண்டியதில்லை.

7. டச்: பூட்டு இருக்கிறதா?

டச் வாங்குபவர்கள் மாடலைவிட முதலில் பார்க்க வேண்டியது ஆக்டிவேஷன் பூட்டு. ஐஓஎஸ் 7 முதல், பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி உள்ளே இருந்தால் அழித்துத் திறந்தாலும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கடவுச்சொல் கிடைக்காத டச் வெறும் கண்ணாடித் துண்டு. விற்பவர் உங்கள் கண் முன்னால் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்து, முதல் வரவேற்புத் திரையைத் தாண்டிக் காட்டட்டும். "கடவுச்சொல்லை வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன்" என்றால் காசையும் அது வந்த பிறகே கொடுக்கலாம்.

முதலாவதும் இரண்டாவதும் பிரிய, இடது ஓரத்தில் சத்தப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள், முதலாவதில் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அச்சாக ஒன்றே. ஏ-எண் மட்டும்தான் வழி. இதில் ஒரு பொறி: 2009இல் புதிய டச்சோடு சேர்த்து விற்ற 8 ஜிபி உண்மையில் பழைய இரண்டாவதுதான், ஏ1288. மூன்றாவது 32, 64 ஜிபியில் மட்டுமே வந்தது. "8 ஜிபி, மூன்றாம் தலைமுறை" என்று ஒன்று இல்லை.

கடைசியாக ஏற்கும் ஐஓஎஸ்: முதலாவது 3.1.3, இரண்டாவது 4.2.1, மூன்றாவது 5.1.1, நான்காவது 6.1.6, ஐந்தாவது 9.3.5, ஆறாவது 12.5 வரிசை, ஏழாவது 15.8 வரிசை. பாட்டுப் பெயரைத் தமிழ் எழுத்தில் தட்டித் தேட வேண்டுமென்றால் ஐந்தாவதுக்குக் கீழே இறங்காதீர்கள். தமிழ் விசைப்பலகை ஐஓஎஸ் 7இல்தான் வந்தது. சக்கர ஐபாடுகளுக்குப் பாட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே நிம்மதி. ஆறாவதும் ஏழாவதும் வெளியே பார்க்க ஒன்றுதான். ஏ-எண் பாருங்கள், 256 ஜிபி என்றால் ஏழாவது என்பது நிச்சயம்.

8. பழைய ஸ்பீக்கருக்குப் பொருந்துமா?

அகலமான 30-முள் ஓட்டை உள்ளவை: மூன்றாம் தலைமுறையிலிருந்து எல்லாப் பெரிய ஐபாடும், மினி, நானோ ஆறு வரை, டச் நான்கு வரை. நானோ ஏழும் டச் ஐந்து முதலும் லைட்னிங். ஷஃபிளுக்கு எதுவும் இல்லை, ஹெட்ஃபோன் ஓட்டைதான்.

செருகினால் பாடுகிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை, "இந்தத் துணைக்கருவியால் சார்ஜ் ஆகாது" என்று வருகிறதா? ஸ்பீக்கரோ காருக்குள் உள்ள டாக்கோ பழைய ஃபயர்வயர் முள் வழியாக மின்சாரம் தருகிறது. நானோ நான்கு முதலும் டச் இரண்டு முதலும் அதை ஏற்பதில்லை. ஐபாட் கெட்டுப்போகவில்லை, அந்த ஸ்பீக்கருக்கு அதைவிடப் பழைய ஐபாட் வேண்டும், அவ்வளவுதான்.

9. வட்டின் ஆயுளைக் கேளுங்கள்

வீடியோ ஐபாடிலும் கிளாசிக்கிலும் சுழலும் வட்டு உள்ளது. மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்துப் பிடியுங்கள், ஆப்பிள் சின்னம் வரும். வந்தவுடன் விட்டுவிட்டு, பின்னோக்கிப் பொத்தானையும் நடுப் பொத்தானையும் பிடியுங்கள். சோதனைத் திரை திறக்கும். மெனு பொத்தானால் கைமுறைச் சோதனைக்குள் போய், ஐஓ, ஹார்ட் டிரைவ், ஸ்மார்ட் டேட்டா என்று இறங்குங்கள்.

"ரீஅலாக்ஸ்" பூஜ்யம் என்றால் நல்ல வட்டு. பத்து இருபது என்றால் இன்னும் ஓடும், ஆனால் அதில் மட்டும் பாட்டை வைத்திருக்காதீர்கள். நூற்றுக்கணக்கில் என்றால் வட்டுக்கு விலை கொடுக்காதீர்கள், உடம்புக்கு மட்டும் கொடுங்கள். "பென்டிங் செக்டர்ஸ்" பூஜ்யத்தைத் தாண்டினால் சாவு ஆரம்பித்துவிட்டது. வெளியேற, மறுபடி மெனுவும் நடுப் பொத்தானும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். விற்பவர் அதற்கு விடவில்லையென்றால் காரணம் அவருக்குத் தெரியும்.

காதில் ஹெட்ஃபோன் போட்டு, முள்ளை லேசாகத் திருப்பி இரண்டு காதிலும் கேட்கிறதா பாருங்கள். டர்பன் கடற்கரைக் காற்றில் வருடக் கணக்கில் கிடந்தவற்றில் முதலில் போவது இந்த ஓட்டைதான்.

10. அழிக்கும் முன் பாட்டை எடுங்கள்

கம்ப்யூட்டரில் செருகியதும் "ரிஸ்டோர் செய்யவா?" என்று கேட்டால் உடனே சரி சொல்லாதீர்கள், சொன்னால் எல்லாம் போய்விடும். மேக்கில் அமைத்த ஐபாடை விண்டோஸில் செருகினாலும் இதே கேள்வி வரும். ஐபாடில் கோளாறு இல்லை, அதன் வட்டு அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை. அபௌட் திரையில் "ஃபார்மேட் விண்டோஸ்" என்ற வரி இருந்தால் விண்டோஸில் திறக்கும்; இல்லையென்றால் மேக் வைத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள்.

நான்காம் தலைமுறை முதலான சக்கர ஐபாடில் ஆப்பிள் சின்னம் வந்ததும் பிளே பொத்தானையும் நடுப் பொத்தானையும் பிடித்தால் டிஸ்க் நிலைக்குப் போகும், பென்டிரைவ் போலத் திறக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். "ஐபாட் கன்ட்ரோல்" என்ற ஃபோல்டர், அதற்குள் "மியூசிக்", அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டெல்லாம் நாலெழுத்துப் பெயரோடு கலைந்து கிடக்கும். பயப்பட வேண்டாம், உண்மைப் பெயர் கோப்பின் உள்ளேயே இருக்கிறது; எந்த மியூசிக் மென்பொருளில் திறந்தாலும் காட்டும். தாத்தா கேசட்டிலிருந்து ஏற்றிய தேவாரத்துக்கு மட்டும் பெயர் இல்லாமல் போகலாம், அதைக் கேட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். முழு ஃபோல்டரையும் ஒரே மூச்சில் நகலெடுங்கள். வட்டு பழையதென்றால் பல மணி நேரம் ஆகும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) அட்டவணை இருக்கும் நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

11. தாளும் காசும்

பழைய பொருள் வாங்கி விற்கும் கடைகள், 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டம் எண் 6இன்படி போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும். தங்களுக்கு விற்பவரின் அடையாளத்தைக் குறித்து வைக்க வேண்டும். அதனால் நீங்கள் விற்கப் போனால் ஐடியை எடுத்துப் போங்கள். வாங்கப் போனால் ரசீதில் "ஐபாட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். அபௌட் திரையில் உள்ள சீரியல், மாடல் எண், கொள்ளளவு மூன்றும் இருக்க வேண்டும். இதை இப்போதே செய்வது நல்லது. ஐபாடில் சிம் கிடையாது, ஃபோன்போல ஐஎம்இஐ எண்ணை வைத்துத் தேட முடியாது.

கடையில் வாங்கினால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எண் 68 உங்களுக்கு ஆறு மாத உத்தரவாதம் தருகிறது. ஆனால் "பேட்டரி சரியில்லை, ஹெட்ஃபோன் ஓட்டை ஒரு பக்கம் மட்டும்" என்று குறையைத் தெளிவாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டால், அந்தக் குறைக்காகப் பிறகு திருப்பித் தர முடியாது. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தனிநபர் ஒருவரிடம் நேரில் வாங்கினால் இந்தச் சட்டம் வராது. "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று அவர் சொல்லிவிட்டால் இருப்பது இருந்தபடி உங்களுடையது. அங்கே 9ஆவது படிதான் உங்கள் வக்கீல்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு வாட் (மதிப்புக் கூட்டு வரி) தொகையையும் கணக்கிடுங்கள். சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் சேர்த்து, அதன் மேல் 15 சதவீதம். 1,000 ரேண்ட் பொருளுக்குத் தீர்வை இல்லாவிட்டால்கூட வாட் 165 ரேண்ட். கூரியர் தனியாகக் கிளியரன்ஸ் கட்டணம் போடும்; அது எவ்வளவு என்று பணம் கட்டும் முன் கேளுங்கள், சின்னப் பார்சலுக்கு அதுவே வரியைத் தாண்டிவிடும்.

பேட்டரியைத் தனியாக வரவழைப்பது இன்னும் மெதுவு. தனி லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை இருக்கிறது. கருவிக்குள் பொருத்திய பேட்டரிக்கு விதி தளர்வு. ஆகவே பேட்டரி உள்ளூரில் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள், ஐபாடைப் பிறகு வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

விலை பேசும்போது ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: புது பேட்டரி, வட்டுக்குப் பதில் கார்டும் பலகையும், பின் தகடு, கேபிள். நாலுக்கும் உள்ளூர் விலையைக் கூட்டி, அதே மாடல் நன்றாக வேலை செய்யும் நிலையில் என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவதே நீங்கள் கொடுக்க வேண்டிய விலை. மிச்சம் வராவிட்டால் இன்னொன்று தேடுங்கள். நானோவுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்: பேட்டரி பலகையில் சால்டர் செய்திருக்கும், பழகிய கை இல்லாமல் திறந்தால் திரைதான் முதலில் உடையும்.